பெட்ரூம் இல்லாத கூடாரம்

குளிர்காலம் முழுக்க கராஜில் மூட்டையாகக் கிடந்த முன்கூடாரத்தை, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தெல்மா தோட்டத்துப் புல்லில் விரித்தாள். விரித்த வேகத்தில் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். துணியின் நடுவில் ஓர் ஆள் தலையை விடும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றிக் குட்டி குட்டி ஓட்டைகள். ஒரு மடிப்புக்குள் கந்தலும் பஞ்சுமாக ஒரு கூடு. எலிகள் அங்கே ஒரு சம்சாரமே நடத்திவிட்டுப் போயிருந்தன.

“போச்சு,” என்றாள்.

வேலியோரம் நின்றிருந்த டெஸ்மண்ட் வந்து குனிந்து பார்த்தான். தெல்மாவின் நாய் பிக்கிள் அதற்குள் கூட்டில் மூக்கை நுழைத்துத் தும்மியது.

“தைக்க முடியாதா?”

“எதோட எதை வச்சுத் தைக்கறது? துணி எங்க இருக்கு?”

கூடாரம் இல்லாமல், காருக்குப் பின்னால் மாட்டும் சக்கர வீடான கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்புவது தெல்மாவால் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். கேரவனின் பக்கவாட்டில் மாட்டி, முன்னால் ஓர் அறை போல இழுத்துக் கட்டும் கூடாரம் அது. சேற்றுப் பூட்ஸும் நனைந்த கோட்டும் நனைந்த நாயும் அங்கேதான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் பெய்யும் கம்ப்ரியா மழை நேராகப் படுக்கைக்கே வந்துவிடும். அதுவும் இந்த முறை அவள் தனியாகப் போகவில்லை. மே மாதக் கடைசியில் கம்ப்ரியாவின் சில்லத் கடற்கரைக்கு ஒரு வாரம் போகிறேன், நீயும் வருகிறாயா என்று போன வாரம்தான் டெஸ்மண்டைக் கேட்டிருந்தாள். பந்து உருட்டும் கிளப்பில், எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிய நேரத்தில், நாளைக்கு மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டாள். அவன் “வர்றேனே” என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

தெல்மா அக்ரிங்டன் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கணவன் கீத் இறந்து நான்கு வருடம் ஆகிறது. டெஸ்மண்ட் பஸ் ஓட்டியவன். மனைவி எப்போதோ விட்டுப் போய்விட்டாள். கீத்தும் அவனும் ஒரே அணியில் பந்து உருட்டியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் கீத் போன பிறகு அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தான். பிறகு வேலியைச் சரிசெய்ய வந்தான். இப்போதெல்லாம் சரிசெய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும் வருகிறான்.

மறுநாளே டெஸ்மண்ட் கூடாரக் கடைகளின் விளம்பரப் புத்தகங்களைக் கட்டாக அள்ளிக்கொண்டு வந்தான். சமையலறை மேஜையில் பரப்பினான்.

“இதப் பாரு தெல். இது கேரவன் நீளத்துக்கும் வரும். உள்ள தனியா ஒரு பெட்ரூம் மாட்டிக்கலாம்.”

“நமக்கு எதுக்கு அவ்ளோ பெருசு? கதவுகிட்ட ஒரு சின்னது போதும். ரெண்டு நாற்காலி, பூட்ஸ், நாய். முடிஞ்சுது.”

“ஆனா பெட்ரூம் இருக்கறது நல்லதுதானே?”

“யாருக்கு?”

“சும்மா. இருந்தா நல்லதுன்னு சொன்னேன்,” என்று மென்று விழுங்கினான்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அதிலும் ஒரு பெட்ரூம். அந்த வாரம் முழுக்க இதே கதை. கட்ட எளிதா, காற்றுக்குத் தாங்குமா, எடை எவ்வளவு என்று தெல்மா பார்த்துக்கொண்டிருக்க, அவன் கண் பெட்ரூமைத் தேடியே ஓடியது. ஒருவேளை அக்கா மேவிஸ் தானும் வருகிறேன் என்று இவனிடம் ஏதாவது சொல்லிவைத்தாளா என்று தெல்மாவுக்குச் சந்தேகம் வந்தது. போன் போட்டுக் கேட்டாள்.

“நானா? ஒரு துணிக்குள்ள, புல்லு மேல படுக்கவா? எனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்றாள் மேவிஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது இருக்கட்டும். புதுத் தலையணை உறை வாங்கினியாமே? நீல கலராம். கடைக்காரி சொன்னா,” என்றாள்.

தெல்மா போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை இருவரும் பிரஸ்டன் பக்கம் இருந்த ஒரு பெரிய கேரவன் கடைக்குப் போனார்கள். கடைக்குப் பின்னால் ஒரு வயல். அதில் வரிசையாகப் பழைய கேரவன்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கூடாரத்தை மாட்டிவைத்திருந்தார்கள். உள்ளே போய் உட்காரலாம், ஜிப்பை இழுத்துப் பார்க்கலாம். வானம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. கடை ஆள், கிளைவ் என்று பெயர், அகலமான சிரிப்போடு வந்து டெஸ்மண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“சாரோட கேரவன் என்ன நீளம்?”

“அவங்களக் கேளுங்க,” என்றான் டெஸ்மண்ட்.

தெல்மா சொன்னாள். கிளைவ் தலையாட்டிவிட்டு மறுபடி டெஸ்மண்டிடம் திரும்பினான்.

“முழு நீளக் கூடாரம்னா சுத்தளவு வேணும் சார். கேரவன் பக்கவாட்டுல நீளப் பள்ளமா ஒரு காடி ஓடுதுல்ல, கூடாரத்தக் கோக்கறதுக்கு? தரையில ஆரம்பிச்சு, அந்தக் காடியோடயே மேல ஏறி, மறுபக்கம் தரைக்கு வர்ற வரைக்கும். அளந்தீங்களா சார்?”

“அவங்கதான் அளந்தாங்க.”

“துணி காயப்போடற கயித்த வச்சு அளந்தேன்,” என்றாள் தெல்மா. அளவைச் சொன்னாள். “ஆனா சின்னக் கூடாரத்துக்கு அது தேவையில்ல. தரையிலேர்ந்து காடி எவ்ளோ உயரம்னு தெரிஞ்சாப் போதும். அதையும் அளந்திருக்கேன்.”

“ரொம்ப நல்லது மேடம். சார், முதல்ல பெருச பாத்துடலாமா?”

தெல்மாவுக்கு மூக்கு நுனிவரை வந்த கோபம், டெஸ்மண்ட் அவள் பக்கம் பார்த்துப் புருவத்தை உயர்த்தியதில் சிரிப்பாக மாறியது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இவனைப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். யார் எதைக் கேட்டாலும் ‘அவங்களக் கேளுங்க’ என்பான்.

பெரியது நிஜமாகவே பெரியது. எஃகுக் கம்புகளை நட்டு நிறுத்தியது. உள்ளே ஒரு கல்யாணமே வைக்கலாம். ஓரத்தில் பழுப்புத் துணியால் தடுத்த பெட்ரூம். டெஸ்மண்ட் ஷூவைக் கழற்றினான். குனிந்து அதற்குள் நுழைந்தான். வெளியே வரக் காணோம். தெல்மா எட்டிப் பார்த்தாள். மார்பின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தான். சாம்பல் நிற சாக்ஸ் போட்ட பாதங்கள் மட்டும் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“தரையிலேர்ந்து குளிர் ஏறுமா?” என்று உள்ளேயிருந்தே கிளைவைக் கேட்டான்.

“மடக்குக் கட்டில் போட்டுட்டா ஏறாது சார்.”

“மடக்குக் கட்டில் இருக்கு. போன வாரமே வாங்கிட்டேன்.”

தெல்மா நிமிர்ந்தாள்.

வாங்கிவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தான் படுக்க ஒரு கட்டிலை வாங்கிவைத்துவிட்டான். விளம்பரப் புத்தகங்களில் தேடிய பெட்ரூம் அவனுக்காக. அவள் வீட்டு அலமாரியில் இரண்டு நீலத் தலையணை உறைகளை ஒளித்துவைத்திருக்க, அவன் பஸ் ஓட்டும் கவனத்தோடு, தனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவரையும் ஒரு ஜிப்பையும் ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு முகம் எரிந்தது. இந்த வயதில் இப்படி ஓர் அசட்டுத்தனம் தனக்குத் தேவையா என்று தோன்றியது. வெளியே வந்து நின்றாள்.

அப்போதுதான் காற்று வந்தது.

மேற்கே கடல்பக்கம் கறுத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் வயலோரத்துக் கொடிகள் படபடவென்று அடித்தன. அடுத்த நொடி ஆலங்கட்டி மழை. பட்டாணி அளவுக் கட்டிகள் கேரவன் கூரைகளில் விழுந்து துள்ளின. வேறு வாடிக்கையாளர்கள் கோட்டைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு கடைக்குள் ஓடினார்கள். தெல்மா மறுபடி பெரிய கூடாரத்துக்குள் ஒதுங்கினாள். ஒதுங்கியதும் அதன் முன்பக்கம் மூச்சை இழுத்த மார்புபோல் உப்பிற்று. ஒரு முளை தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. கூரை தூக்கிற்று.

“பிடிங்க! சார், அந்தக் கம்பப் பிடிங்க!” என்று கிளைவ் கத்தினான்.

டெஸ்மண்ட் சாக்ஸ் காலோடு ஓடிவந்து ஒரு மூலைக் கம்பைக் கட்டிப்பிடித்தான். தெல்மா அடுத்த கம்பில் தொங்கினாள். கிளைவ் வெளியே ஒரு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். கூடாரம் மூவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அக்ரிங்டனுக்கே போய்விடும் போலிருந்தது.

“எதுக்கு?” என்று தெல்மா கத்தினாள்.

“என்னது?” ஆலங்கட்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

“கட்டில் எதுக்கு வாங்கினேன்னு கேக்கறேன்!”

“இப்பவா கேக்கற?”

“வேற எப்பக் கேக்கறது? வெளிய யார் படுக்கப் போறா?”

“நான்தான்!”

“உன்னை யாரு வெளிய படுக்கச் சொன்னா, மரமண்டை?”

“யாரும் சொல்லல! நானேதான்!” காற்று துணியை இழுத்தது. அவன் இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டான். “அது கீத்தோட கேரவன், தெல்! நான் எப்படி உள்ள வந்து படுக்கறது? அவன் என் கூட்டாளி!”

தெல்மா ஒரு கணம் பிடியை விட்டேவிட்டாள். கம்பு நகர்ந்தது. பாய்ந்து மறுபடி பிடித்துக்கொண்டாள்.

“யாரோட கேரவன்?”

“கீத்தோட...”

“நான் சம்பாதிச்சு நான் வாங்கினது! பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்கு உரிச்சு உரிச்சுச் சேத்து வாங்கினேன்! அத இழுக்கறது யாரு? நான். ரிவர்ஸ் எடுக்கறது யாரு? நான். கீத்துக்கு ரிவர்ஸ்னா கை நடுங்கும். மேப்ப மடியில வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து வருவான், டீ போடுவான், அவ்வளவுதான். அவனும் என் விருந்தாளியாத்தான்டா வந்தான்!”

டெஸ்மண்டின் தலைமுடியில் ஆலங்கட்டி ஒன்று உருகி நெற்றியில் வழிந்தது.

“கிளப்புல அவன் எப்பவும் ‘எங்க கேரவன், எங்க கேரவன்’னு சொல்லுவான்.”

“சொல்லுவான். பெருமை. இருந்துட்டுப் போகட்டும்.” அவள் குரல் இறங்கியது. ஆனால் இறங்கிய குரல் காதில் விழாது என்பதால் மறுபடி கத்த வேண்டியிருந்தது. “நான் கூப்பிட்டது உன்னை! வெளிய புல்லுல படுக்கறதுக்கு இல்ல!”

“நீ ஒண்ணும் சொல்லலியே!”

“அத எப்படி வாயால சொல்றது? எனக்கு வெக்கமா இருக்காதா?”

“இப்பச் சொல்லிட்டியே!”

வெளியே கயிற்றோடு சாய்ந்திருந்த கிளைவ் தன் முளையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகமும் கழுத்தும் சிவந்திருந்தன. குளிரினால் என்றுதான் தெல்மா எடுத்துக்கொண்டாள்.

காற்று வந்த வேகத்தில் போயிற்று. வயல் முழுக்க வெள்ளையாய் ஆலங்கட்டி. பெரிய கூடாரத்தின் ஒரு கம்பு முழங்கை மடங்கினாற்போல் வளைந்து கிடந்தது. இரண்டு கேரவன் தள்ளி, காற்றடித்து நிறுத்தும் சின்னக் கூடாரம் ஒன்று, பாதி மடங்கித் தரையைத் தொட்டிருந்தது. தெல்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. கம்புக்குப் பதில் உள்ளே காற்றடைத்த குழாய்கள்.

“அது,” என்றாள் தெல்மா.

நேராக அதற்குள் போனாள். இரண்டு நாற்காலிகளுக்கு இடம். பூட்ஸுக்கு ஒரு விரிப்பு. கதவு பக்கவாட்டில் இருந்தது. முன்னாலிருந்து மழை அடித்தாலும் உள்ளே வராது. சன்னல் தாழ்வாக இருந்ததால் உட்கார்ந்தபடியே வெளியே பார்க்கலாம். ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள், எங்கேயும் சிக்கவில்லை. அடித்தையல்களை விரலால் தடவினாள். சொட்டுகூட உள்ளே வரவில்லை. டெஸ்மண்ட் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்த சாக்ஸோடு வாசலில் நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வருவான் போலிருந்தது.

கிளைவ் வந்தான். டெஸ்மண்டைப் பார்த்தான். பிறகு, அன்றைக்கு முதல்முறையாக, தெல்மாவின் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

“இதுக்கும் ஒரு சின்ன பெட்ரூம் தனியா மாட்டிக்கலாம் மேடம். வேணுமா?”

தெல்மா டெஸ்மண்டைப் பார்த்தாள். அவன் ஷூவைப் பார்த்தான்.

“பெட்ரூம் வேண்டாம்,” என்றாள் தெல்மா.

“வேண்டாம்,” என்றான் டெஸ்மண்டும், ஷூவிடம்.

திரும்பி வரும்போது வழியில் ஒரு கடையில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரமும் பட்டாணி மசியலும் வாங்கி, காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சன்னல்களில் ஆவி படிந்தது.

“உனக்குக் கோபமா?” என்றான் டெஸ்மண்ட்.

“இருந்துச்சு. நீ என்கிட்டேர்ந்து தள்ளிப் படுக்கத்தான் எடம் தேடறேன்னு நெனச்சேன்.”

“ஐயோ, இல்ல தெல்.” தட்டைக் கீழே வைத்துவிட்டான். “எனக்கு அந்தக் கட்டிலே பிடிக்கல. ஹால்ல போட்டு ஒரு நாள் படுத்துப் பாத்தேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. உன்கூட வரணும்னா இதுதான் வழின்னு நெனச்சேன். அதான் வாங்கினேன்.”

தெல்மாவுக்கு அந்தக் காட்சி கண்முன்னால் வந்தது. நெட்டையான மனிதன், தன் வீட்டு ஹாலில், நல்ல படுக்கை மாடியில் இருக்க, மடக்குக் கட்டிலில் மல்லாந்து படுத்து ஒத்திகை பார்த்திருக்கிறான். கைக்குட்டையை எடுத்து அவன் முகவாயில் ஒட்டியிருந்த பட்டாணியைத் துடைத்தாள்.

ஆனால் எல்லாம் அன்றோடு சுலபமாகிவிடவில்லை. சில்லத் போவதற்கு முந்தைய வாரம், கேரவனைச் சுத்தம் செய்யப் போன தெல்மா, படுக்கையின் இடப்பக்கத்து அலமாரியில் கீத்தின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள். நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் அதைத் தூக்கித் தூசி துடைத்து அங்கேயே வைப்பாள். டெஸ்மண்டிடம் கத்தியதெல்லாம் சரிதான், கேரவன் அவளுடையதுதான். ஆனாலும் அந்த இடப்பக்கம் அவளுடையதாக இருந்ததில்லை. படுக்கை விளிம்பில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணாடியை வீட்டுக்குள் கொண்டுபோய், கீத் பந்து உருட்டி வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். புது உறைகளைத் தலையணைகளுக்கு மாட்டினாள். டெஸ்மண்டிடம் இதை ஒளிக்கவில்லை. அன்று மாலையே சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்திருக்கலாமே. எனக்கொண்ணும் இடைஞ்சல் இல்ல,” என்றான்.

“எனக்கு இடைஞ்சல்,” என்றாள் தெல்மா. “நீ படுக்கற எடத்துல உன் கண்ணாடியத்தான் வைக்கணும்.”

சில்லத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்த மதியம் நல்ல வெயில். பண்ணையை ஒட்டிய சின்ன முகாம். தெல்மா கேரவனை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து வேலியோரம் நிறுத்தினாள். கூடாரத்தை எடுத்ததும் சுற்றிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக டீக்கோப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார்கள். யாராவது புதுக் கூடாரம் கட்டினால் முகாமே கூடி வேடிக்கை பார்க்கும். தெல்மா ஏணிப்படியில் நின்று துணியின் தடித்த விளிம்பைக் காடிக்குள் நுழைத்தாள். டெஸ்மண்ட் மறுமுனையிலிருந்து இழுத்தான். பாதியில் சிக்கிற்று.

“மேல தூக்கி இழுங்க!” என்றான் எதிர் கேரவன்காரன்.

“தூக்காதீங்க, தாழ்த்துங்க!” என்றாள் அவன் மனைவி.

“மெழுகுவத்தி இருக்கா? காடில மெழுகு தேய்ச்சாப் போகும்,” என்று வேறொருவர் தன் மெழுகுவத்தியோடு வந்தார். தேய்த்ததும் சர்ரென்று போயிற்று. பிறகு டெஸ்மண்ட் பம்பை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். கூடாரம் தூங்கி எழும் மாடுபோல் முதலில் ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு மற்றதை ஊன்றி, எழுந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

“உங்க கேரவன் நல்லா இருக்கு சார்,” என்றான் எதிர் கேரவன்காரன்.

“அவங்களோடது. நான் விருந்தாளி,” என்றான் டெஸ்மண்ட். பம்பு அடித்ததில் மூச்சு வாங்கியது. ஆனால் சொன்ன விதத்தில் ஒரு மிதப்பு இருந்தது.

மறுநாளிலிருந்து மழை. கம்ப்ரியா மழை. இருவரும் கூடாரத்துக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சீட்டாடினார்கள். டெஸ்மண்ட் தோற்றுக்கொண்டே இருந்தான், முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பிக்கிள் நனைந்துவந்து இரண்டு பேர் மேலும் உதறியது. டீ ஆறிப்போய், புதுசாகப் போட்டு, அதுவும் ஆறிப்போயிற்று. மூன்றாம் நாள் மழை விட்ட இடைவெளியில் கடற்கரைக்குப் போய், காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிப்ஸ் தின்றார்கள். தண்ணீருக்கு அப்பால் ஸ்காட்லாந்து மலைகள் மங்கலாகத் தெரிந்தன.

“இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போலாமா?” என்றான் டெஸ்மண்ட்.

“சனிக்கிழமை உனக்கு மேட்ச் இருக்கே?”

“நான் இல்லாமலே நல்லா ஆடுவாங்க.”

தெல்மா சிரித்துக்கொண்டே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். தக்காளிச் செடிகளுக்கு இன்னும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள். மறுமுனையில் மேவிஸ் ஏதோ நீளமாகக் கேட்டாள். தெல்மா சிப்ஸ் ஒன்றை நாய்க்குப் போட்டுவிட்டு, “வந்து சொல்றேன்,” என்று மட்டும் சொன்னாள்.